சுவருக்குள்ளும் சீலிங்கிலும் ஸ்பீக்கர்: பூச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி

14 மே 2022 (கேள்வி)

புது வீடு. ஹால் 11க்கு 16 அடி. சுற்றுச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், டிவி வரப்போகிற சுவர் மட்டும் நாலரை அங்குலம். பத்து நாளில் பூச்சு ஆரம்பம். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர், "அஞ்சு ஸ்பீக்கரையும் சீலிங்லயே போட்டுடலாம் சார், ஒரு ஒயர்கூட வெளியே தெரியாது" என்கிறார். வீட்டிலும் எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. செய்யலாமா?

14 மே 2022, இரவு (பதில்)

வேண்டாம்.

என் தங்கை வீட்டில் அப்படித்தான் போட்டார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறது, மறுக்கவில்லை. படம் போட்டால்தான் வினை. வாய் டிவியில் அசைகிறது, குரல் ஃபேன் பக்கத்திலிருந்து வருகிறது. கதாநாயகன், வில்லன், பால்காரர் எல்லோரும் அசரீரியாகப் பேசுகிறார்கள். பத்து நிமிடத்தில் பழகிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்கு வருடமாகிறது, நான் இன்னும் பழகவில்லை.

முன்பக்கம் மூன்றும் (இடது, நடு, வலது) உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். சோபாவிலிருந்து டிவி சுவர் பத்தடி என்று வைத்துக்கொண்டால், நடுக்கோட்டிலிருந்து இடதும் வலதும் நான்கு நான்கு அடி தள்ளி வந்தால் 22 டிகிரி கிடைக்கும். 22 முதல் 30 டிகிரி வரை என்பதுதான் கணக்கு. 30 டிகிரி வேண்டுமென்றால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ள வேண்டும். உங்கள் அகலம் 11 அடி, அதற்கு இடமே இல்லை. நான்கடி போதும்.

சீலிங் என்பது மேலிருந்து வர வேண்டிய சத்தத்துக்கு மட்டும்.

15 மே 2022

"அப்படியானால் முன் மூன்றையும் சுவருக்குள் பதித்துவிடலாமா" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர் அமெரிக்க வீட்டுக்காகச் செய்த பொருள். அங்கே உள்சுவர் என்றால் மரச்சட்டம், இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, நடுவில் மூன்றரை அங்குல வெற்றிடம். போர்டில் ஓட்டை வெட்டி ஸ்பீக்கரை நுழைத்து முன்னாலிருந்து திருகை முடுக்கினால், சட்டத்தில் மடங்கியிருக்கும் சின்னக் காதுகள் வெளியே திரும்பி போர்டைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். வேலை கால் மணி நேரம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பாதிப் பேர் கெட்டோம்.

2018-இல் நானும் கெட்டேன். எங்கள் டிவி சுவரும் நாலரை அங்குலம்தான், அந்தப் பக்கம் சமையலறை. ஸ்பீக்கருக்குத் தேவையான ஆழம் மூன்றே முக்கால் அங்குலம். நாலரையில் மூன்றே முக்கால் போனால் மீதி முக்கால் இருக்கிறதே என்று காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். மேஸ்திரி கட்டர் போட்டுச் சதுரம் கீறிவிட்டு, சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினார். மூன்றாவது தட்டில் அந்தப் பக்கம் டம்ளர் உருளும் சத்தம். கூடவே அம்மாவின் சத்தம். ஓட்டை வழியே எவர்சில்வர் ஸ்டாண்டும் அதற்குப் பின்னால் அம்மாவின் முகமும் தெரிந்தன. "என்னடா, ஜன்னல் வைக்கிறியா?"

அந்த ஓட்டையை அடைத்துப் பூசினோம். பூச்சின் நிறம் இன்றும் ஒட்டவில்லை.

15 மே 2022, மாலை

நாலரை சரி, ஒன்பது அங்குலத்தில் தோண்டலாமே என்கிறார் ஒருவர். ஓட்டை அந்தப் பக்கம் வராது, அவ்வளவுதான் லாபம். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, சுவரில் நெடுக்காக வெட்டும் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்பதில் மூன்றில் ஒன்று மூன்று அங்குலம். பைப் போடும் ஒல்லிக் காடிக்கே அந்தக் கணக்கு. நீங்கள் ஒரு அடிக்கு ஒன்றரை அடி மாடம் தோண்டப் பார்க்கிறீர்கள். மேலே ஸ்லாபைத் தாங்கும் சுவர் அது. அகல் விளக்கு வைக்கிற மாடம் வேண்டுமானால் கட்டும்போதே விட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

செய்யக்கூடியது: டிவி சுவருக்கு முன்னால் பொய்ச்சுவர். செங்கலைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி 70 மி.மீ. ஜி.ஐ. ஸ்டட் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நிறுத்தி, முன்னால் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. மொத்தம் 120 மி.மீ., ஹாலில் ஐந்து அங்குலம் போகும். உள்ளே ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) திணிக்கலாம். கையுறை போடுங்கள், நான் போடாமல் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். செங்கலில் கை வைக்கவே வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம்.

ஒரு அடுக்கு போர்டு போதும் என்று ஆசாரி சொல்வார். அவர் போன பிறகு போர்டும் சேர்ந்து பாடும்.

17 மே 2022

பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஸ்பீக்கர் வாங்குவது இல்லை, பைப் போடுவது. ஸ்பீக்கர் பத்து வருடம் கழித்துக்கூட வாங்கலாம். பைப்பை அப்புறம் போட வேண்டுமென்றால் மறுபடி சுவரை வெட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வீட்டில் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) எங்கே உட்காரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் தனித்தனி 25 மி.மீ. பைப். முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு (இப்போது வேண்டாம் என்றாலும்), சீலிங்குக்கு நான்கு, சப்வூஃபருக்கு (அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர்) இரண்டு மூலை. டிவிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நைலான் கயிறு விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். எல்போ போட விடாதீர்கள், நீள வளைவு பெண்ட் மட்டும். எலக்ட்ரீசியன் "எல்லாம் ஒரே பைப்புல போயிரும்ணே" என்பார். கரன்ட் ஒயரோடு இதைச் சேர்க்கவே கூடாது. ஸ்பீக்கர் ஒயரில் இரைச்சல் ஏறுவது குறைவு, சப்வூஃபருக்குப் போகும் மெல்லிய சிக்னல் ஒயரில் நிச்சயம் ஏறும். அதைவிட முக்கியம், 230 வோல்ட்டும் இதுவும் ஒரே குழாயில் கிடப்பது ஆபத்து.

17 மே 2022, அரை மணி கழித்து

விட்டுப்போனது: பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் விரித்துப் பிடித்தபடி போட்டோ எடுங்கள். டேப்பில் எண் தெரிய வேண்டும். நான் எடுத்த போட்டோக்களில் எலக்ட்ரீசியனின் முதுகுதான் நன்றாகத் தெரிகிறது.

21 மே 2022

ஒயர் பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

செம்பு வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் தடித்த ஒயர் பலதும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தகர முலாம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். அலுமினிய ஒயர் அதே கனத்தில் சுமார் ஒன்றரை மடங்கு மின்தடை காட்டும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

கனம்: 2.5 சதுர மி.மீ. செம்பு கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம். பைப் வழியாக 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், 0.22 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 வரை போகலாம் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக 1.5 சதுர மி.மீ. போட்டால் விளிம்பில் நிற்பீர்கள், 2.5 போட்டால் கவலை இல்லை. அதற்கு மேல் தடிமனும், பாம்புத் தோல் மாதிரி உறையும், "ஆடியோஃபைல்" என்ற அச்சும் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு.

வீட்டு வயரிங் ஒயரையே போடலாமா? போடலாம், அதுவும் செம்புதானே. என் சீலிங்குக்கு 2018-இல் அதைத்தான் போட்டேன். சிவப்பும் கறுப்புமாக வாங்குங்கள். அன்று கடையில் கறுப்பு தீர்ந்துவிட்டது என்று இரண்டும் சிவப்பாக வாங்கி வந்தார் எலக்ட்ரீசியன். ஒரு முனையில் டேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறார், பிரச்சினை இல்லை.

2 ஜூன் 2022

பைப் எல்லாம் போட்டாயிற்று என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சந்தோஷம். சீலிங்கில் எந்த இடம் என்று கேட்கிறார்.

ஸ்லாப் பத்தடி, ஃபால்ஸ் சீலிங் எட்டு அங்குலம் இறங்கினால் 9 அடி 4 அங்குலம். உட்கார்ந்தால் காது 3 அடி 4 அங்குலம். நடுவில் ஆறடி. டால்பி ஆட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) மேலே நான்கு ஸ்பீக்கர் என்றால் 45 டிகிரி நல்ல கோணம், அதாவது உங்கள் தலைக்கு ஆறடி முன்னால் இரண்டு, ஆறடி பின்னால் இரண்டு. ஆறடி பின்னால் உங்களுக்கு இடம் இருக்கிறதா? நம் ஊரில் சோபா பின்சுவரில் ஒட்டித்தான் கிடக்கும். ஒட்டிக் கிடந்தால் நான்கு வேண்டாம், இரண்டு போதும். தலைக்கு நேர்மேலே இல்லாமல் ஓர் அடியிலிருந்து இரண்டே முக்கால் அடிக்குள் முன்னால் தள்ளி. கிட்டத்தட்ட 80 முதல் 65 டிகிரி.

ஃபேனை மறந்துவிடாதீர்கள். 1200 மி.மீ. ஃபேன் என்றால் மையத்திலிருந்து இரண்டடிக்கு இறக்கை. அந்த வட்டத்துக்குள் ஸ்பீக்கர் வந்தால் சத்தம் இறக்கையில் வெட்டுப்பட்டு நடுங்கும். டேபிள் ஃபேன் முன்னால் "ஆ" என்று கத்திப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஏசி இருக்கிறதே, ஃபேனை எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஏசி ஓடுமா என்று ஒரே கேள்வி. ஃபேன் இருக்கிறது.

9 ஆகஸ்ட் 2022

மே 17-இல் நான் எழுதியதில் ஒரு தப்பு. டிவிக்கு 25 மி.மீ. பைப் போதாது. டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை இரண்டு செ.மீ. அகலம். நேர்ப் பைப்பில் தேய்த்துக்கொண்டு போகும், பெண்டில் நின்றுவிடும். கேள்வி கேட்டவருக்கு நின்றுவிட்டது. அவர் எழுதிய தொனியில் என்மேல் கோபம் இருக்கிறது, நியாயம்தான். டிவிக்கு மட்டும் 40 அல்லது 50 மி.மீ. போடுங்கள். அவர் கடைசியில் தலை கழன்று வரும் ஆப்டிகல் (ஒளியிழை) எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினார்.

ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று பொடி எழுத்தில் இருக்கும். மாற்றி இழுத்தால் படமே வராது. இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள்.

27 நவம்பர் 2022

மழை. தங்கை வீட்டு சீலிங் ஸ்பீக்கர் ஒன்று கரகரக்கிறது என்று போன். கம்பி வலையை (காந்தத்தில்தான் ஒட்டியிருக்கும், நகத்தால் இழுத்தால் வந்துவிடும்) எடுத்தால் கோனில் (அதிர்ந்து சத்தம் தரும் கூம்பு) பழுப்பு வளையம். மொட்டைமாடி ஒழுகல் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, மாடியில் பதித்த தட்டோடு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கடைசியில் ஏசி செப்புக் குழாய். உறை ஒரு முழத்துக்குச் சுற்றாமல் விட்டிருந்தார்கள். அது வேர்த்து வேர்த்துச் சொட்டியிருக்கிறது, நேராக ஸ்பீக்கர் தலையில். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சீலிங் மூடுவதற்கு முன் ஏசி குழாய் போகும் வழியைப் பாருங்கள். காகிதக் கோன் வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் கோன் வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடி டப்பா வைத்தால் நீரும் பல்லியும் உள்ளே வராது, மாடி அறையில் தூங்குபவருக்கும் சத்தம் குறையும். உள்ளே ஒரு பல்லி குடும்பம் இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன்.

15 ஜனவரி 2023

பொங்கல் விடுமுறையில் என் சீலிங்குக்கு இரண்டு ஸ்பீக்கர். 2018-இல் ஒயர் விட்டு மூடியதுதான், இப்போதுதான் காசு சேர்ந்தது.

பெட்டிக்குள் வெட்டும் அளவுக்கு ஓர் அட்டை வட்டம் வரும். அதை வைத்து வரைய வேண்டும். நான் அவசரத்தில் ஸ்பீக்கரையே கவிழ்த்து வைத்து அதன் வெளிவட்டத்தை வரைந்தேன். வெட்டி முடித்து ஏணியில் நின்று மேலே தூக்கினால், ஸ்பீக்கர் முழுசாக உள்ளே போய்விட்டது. விளிம்புகூட நிற்கவில்லை. கையை எடுத்தால் என் முகத்தில் விழும். ஏணியில், தலைக்கு மேலே இரண்டரைக் கிலோவைத் தாங்கிக்கொண்டு, வாயில் திருப்புளியோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று பார்த்து, "அளவு அட்டைன்னு ஒண்ணு தரையில கிடக்கே, அது எதுக்கு?" என்றாள்.

12 மி.மீ. ப்ளைவுட்டில் வளையம் அறுத்து இரண்டாக வெட்டி உள்ளே விட்டு போர்டோடு திருகிச் சரிசெய்தேன். இப்போது தோன்றுகிறது, ஓட்டையைச் சரியாக வெட்டினாலும் இந்த வளையம் நல்லது. வெறும் ஜிப்சத்தைக் காதுகள் கவ்வி வருடக்கணக்கில் அதிர்ந்தால் போர்டு பொடியாகும். ஸ்லாபில் ஓர் ஆங்கர் அடித்து ஸ்பீக்கரை மெல்லிய கம்பியால் கட்டியும் வைத்தேன்.

இரண்டாவது ஓட்டைக்கு அட்டையை வைத்தேன்.

22 ஜனவரி 2023

ஒலி சரிபார்ப்பு முடிந்தது. காது உயரத்தில் மைக்கை வைத்து எட்டு இடத்தில் ரிசீவரின் ஆடிஸி மென்பொருள் அளந்தது. ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும். எதிர்வீட்டு நாயை நிறுத்த வழியில்லை. மேல் வலது ஸ்பீக்கருக்கு "ஃபேஸ்" எச்சரிக்கை (பிளஸ், மைனஸ் ஒயர் மாறியிருக்கலாம் என்று பொருள்) காட்டியது. சீலிங்கிலும் சுவரிலும் பதித்தவற்றுக்கு இப்படிப் பொய்யாகக் காட்டுவது உண்டு. தள்ளிவிட்டு மேலே போனேன்.

புதிதாகப் போடுகிறவர்கள் வலையை மூடும் முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸில் பட்டால் பெரிய கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது.

12 பிப்ரவரி 2023

எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்த அளவு இல்லை. மழைக் காட்சியில் மேலே ஏதோ இருக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்ல முடியவில்லை. தலைக்குள் மூக்கடைத்த மாதிரி ஒரு சத்தம். ஹெலிகாப்டர் வருகிறது, போகிறது, நடுவில் காணாமல் போகிறது. ஃபேன்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்மாஸில் பாதி விளம்பரம் என்றும் நினைக்கிறேன். இரண்டு ஸ்பீக்கர் காசுக்கு நல்ல சப்வூஃபர் வாங்கியிருக்கலாம்.

19 மார்ச் 2023

கிர்ர்ர் சத்தம். படத்தில் வெடி வந்தால் மட்டும். ஜிப்சம்தான் என்று முடிவு கட்டி இரண்டு ஸ்பீக்கரையும் இரண்டு முறை கழற்றி மாட்டினேன். போனில் டோன் செயலி ஒன்றைப் போட்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். 40ஐத் தாண்டியதும் ஆரம்பித்தது. அதே எண்ணில் நிறுத்திவிட்டு வீட்டில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திக்கொண்டே போனேன். லைட் வளையம், ஃபேன் மூடி, ஜன்னல் கண்ணாடி, கொலு பொம்மை அலமாரி. எதுவும் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா: "தட்டு ஸ்டாண்டு ஒரு வருஷமா ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்." 2018-இல் ஓட்டை போட்ட அதே சுவர், அதே ஸ்டாண்ட். திருகுக்கு இரண்டு ரப்பர் வாஷர்.

6 மே 2023

முதல் நாள் "வேண்டாம்" என்று ஒரே அடியாக அடித்தேன். கொஞ்சம் இறங்கி வருகிறேன். பக்கவாட்டு ஸ்பீக்கர்களுக்கு ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் ஜன்னல் என்று சுவரே இல்லாத ஹால்கள் இருக்கின்றன. அங்கே அந்த இரண்டை மட்டும் சீலிங்கில், சோபாவுக்குச் சற்றுப் பின்னால் போடலாம். நண்பர் வீட்டில் கேட்டேன், உறுத்தவில்லை. ஆனால் அப்படிப் போட்டால் மேலே ஆட்மாஸுக்குத் தனியாக இரண்டு வேண்டாம். நான்கும் மேலே இருந்தால் எது பக்கம், எது மேல் என்று காதுக்குத் தெரியாது.

முன் மூன்று பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.

11 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் குடிபோய்விட்டார். பொய்ச்சுவர், முன்னால் மூன்று, மேலே இரண்டு. நேற்று போயிருந்தேன். ஹெலிகாப்டர் அவர் வீட்டில் காணாமல் போகவில்லை. சமையலறைப் பக்கம் நுழைந்து, என் மண்டைக்கு மேலேயே நின்று, வாசல் வழியாகப் போனது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டில் இருக்கும் அதே ஸ்பீக்கர், அதே ரிசீவர்.

"பேட்டரி வச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்றார். நான்தானே உங்களுக்குச் சொன்னேன் என்றேன். "சொன்னீங்க. பாத்தீங்களா?"

11 பிப்ரவரி 2024, இரவு

கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி ஏணியில் ஏறினேன். இடது: வெளியே வந்தது. வலது: உள்ளே போனது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். இரண்டு சிவப்பு ஒயர். டேப் பாக்ஸின் அடியில் சுருண்டு கிடக்கிறது.

மாற்றிவிட்டேன். பிப்ரவரி 12, 2023 குறிப்பை யாரும் படிக்க வேண்டாம். ஹால் கடிகாரம் எட்டே காலில் நிற்கிறது, அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.